காரில் பெட்ரோல் வாடை வருகிறதா? எரிபொருள் கசிவைக் கண்டுபிடிப்பது எப்படி, பாதுகாப்பாகச் சரிசெய்வது எப்படி?

காலையில் கார் கதவைத் திறந்ததும் லேசாகப் பெட்ரோல் வாடை அடிக்கிறது. "நேத்து ஃபுல் டேங்க் ஊத்தினோமே, அதுதான் போல" என்று கண்ணாடியை இறக்கிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுபவர்கள் நம்மில் நிறைய பேர். பிரிக்பீல்ட்ஸ் நெரிசலில் பாதி வழியில் அந்த வாடையும் தெரியாமல் போய்விடும்.

வாடை போய்விட்டது என்பதால் கசிவு நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை. ஒரே வாடையைத் தொடர்ந்து முகர்ந்தால் மூக்கு அதற்குப் பழகிவிடும். அவ்வளவுதான்.

எரிபொருள் கசிவு என்பது 'அடுத்த மாசம் சர்வீஸ்ல பார்த்துக்கலாம்' என்ற வகைப் பழுது இல்லை. அதே சமயம் அதன் காரணம் பெரும்பாலும் ஒரு சின்ன ரப்பர் வளையமாகவோ, வெடித்துப்போன ஓர் அடி ஹோஸாகவோதான் இருக்கும். எங்கே கசிகிறது, எதை நீங்களே பார்க்கலாம், எதைத் தொடக்கூடாது என்பதை இங்கே பார்ப்போம்.

பெட்ரோல் ஏன் இவ்வளவு ஆபத்தானது?

தீப்பிடிப்பது பெட்ரோல் திரவம் இல்லை, அதன் ஆவி. பெட்ரோல் சுமார் மைனஸ் 40 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றக்கூடிய அளவுக்கு ஆவியாகும். நம் ஊர் 32 டிகிரி வெயிலில் அது எந்த நேரமும் ஆவியாகிக்கொண்டேதான் இருக்கும்.

அந்த ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. அதனால் மேலே போய்க் கலைந்துவிடாது. தரையோடு தவழ்ந்து, பள்ளமான இடத்தில் தேங்கும். அடுக்குமாடிக் குடியிருப்பின் அடித்தளக் கார் நிறுத்துமிடம், கதவு மூடிய கராஜ், கடைவரிசைக்குப் பின்னால் இருக்கும் லோங்காங் எல்லாம் அதற்கு வசதியான இடங்கள்.

காற்றில் பெட்ரோல் ஆவி சுமார் 1.4 விழுக்காடு இருந்தாலே தீப்பற்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒரு கப் பெட்ரோல் முழுதாக ஆவியானால் ஏறக்குறைய ஒரு சின்னக் காரின் உள்பகுதி அளவு காற்றைத் தீப்பற்றும் நிலைக்குக் கொண்டுவந்துவிடும். தீப்பொறிக்கும் காருக்குள்ளேயே பஞ்சமில்லை. ஸ்டார்ட்டர் மோட்டார், ஆல்டர்னேட்டர், பழைய ஸ்பார்க் பிளக் வயர், கூலிங் ஃபேன், எல்லாவற்றுக்கும் மேலாகக் கொதிக்கும் எக்ஸாஸ்ட்.

வாடை வந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

வாடையின் அளவை வைத்து மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம்.

1. காருக்கு அடியில் சொட்டுகிறது, அல்லது பானெட்டைத் திறந்தால் ஈரமாகத் தெரிகிறது: காரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஓடிக்கொண்டிருந்தால் இன்ஜினை நிறுத்துங்கள். எல்லாரும் இறங்கி விலகுங்கள். பட்டறைக்கு "மெதுவா ஓட்டிட்டுப் போயிடலாம்" என்ற பேச்சே வேண்டாம். இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள். பல வாகனக் காப்புறுதித் திட்டங்களில் இந்தச் சேவை சேர்ந்தே வருகிறது. உங்கள் பாலிசியை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

2. சொட்டு எதுவும் இல்லை, ஆனால் காருக்குள் தொடர்ந்து வாடை வருகிறது: அன்றைக்கே பட்டறையில் காட்டுங்கள். ஆவியைச் சுவாசிப்பதால் தலைவலி, குமட்டல், மயக்கம் வரலாம். பிள்ளைகளை அந்தக் காரில் ஏற்றாதீர்கள்.

3. எண்ணெய் ஊற்றிய சில நிமிடங்கள் மட்டும் வாடை: மூடியைச் சரிபாருங்கள். 'கிளிக்' சத்தம் வரும்வரை திருகி மூடினீர்களா, மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகும் வாடை நீடித்தால், இதையும் இரண்டாவது வகையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

அடித்தள நிறுத்துமிடத்தில் பலமான வாடை அடித்தால், அது உங்கள் காராக இல்லாவிட்டாலும் காவலாளியிடம் சொல்லுங்கள். பக்கத்தில் சிகரெட், சாம்பிராணி, விளக்கு எதுவும் இருக்கக்கூடாது. புதுக் காருக்குப் பூஜை போடும்போது டயருக்குப் பக்கத்தில் கற்பூரம் ஏற்றுவது நம் வழக்கம். வாங்கியது பழைய கார் என்றால், அதற்கு முன்னால் ஒரு தடவை கீழே குனிந்து பார்ப்பது நல்லது.

சொட்டுவது பெட்ரோல்தானா?

காருக்கு அடியில் ஈரம் என்றாலே பயந்துவிட வேண்டாம். ஏர்கோண்டிலிருந்து வடிவது நிறமோ மணமோ இல்லாத தண்ணீர். இன்ஜின் ஆயில் பழுப்பாகவோ கறுப்பாகவோ, பிசுபிசுப்பாக இருக்கும். கூலண்ட் பச்சை, சிவப்பு அல்லது இளஞ்சிவப்பாக, லேசான இனிப்பு மணத்தோடு இருக்கும்.

பெட்ரோலை அடையாளம் காண்பது சுலபம். வாடையே காட்டிக்கொடுத்துவிடும். தரையில் விழுந்தால் சீக்கிரம் காய்ந்துவிடும். மழை ஈரத்தின் மேல் விழுந்தால் வானவில் நிறத்தில் படலமாக மிதக்கும். சந்தேகமாக இருந்தால் வெள்ளை டிஷ்யூவால் ஒற்றி, கையை நீட்டித் தூரத்தில் வைத்தே முகர்ந்து பாருங்கள். லைட்டர் வைத்து 'டெஸ்ட்' பண்ணுவது மட்டும் விளையாட்டுக்குக்கூட வேண்டாம்.

எப்போது வாடை வருகிறது என்பதே பாதி பதில்

நல்ல மெக்கானிக் முதலில் கேட்கும் கேள்வி "எப்போ வாடை வருது?" என்பதுதான். போவதற்கு முன் நீங்களே கவனித்து வைத்துக்கொண்டால் அவருடைய நேரமும் உங்கள் காசும் மிச்சம்.

ஃபுல் டேங்க் ஊற்றிய பிறகு மட்டும், அதிலும் வளைவில் திரும்பும்போது: கசிவு டேங்கின் மேல்பகுதியில் இருக்கலாம். பல கார்களில் பெட்ரோல் பம்ப் டேங்கிற்குள்ளேயே, பின் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. அதன் மூடியில் உள்ள ரப்பர் சீல் தேய்ந்திருந்தாலும், பம்ப் மாற்றியபோது பழைய சீலையே திரும்பப் போட்டிருந்தாலும் டேங்க் நிறையும்போது கசியும். எண்ணெய் ஊற்றும் குழாய் துருப்பிடித்திருந்தாலும் இதே அறிகுறிதான்.

இன்ஜினை நிறுத்திய பிறகு, முன்பக்கத்திலிருந்து: இன்ஜெக்டர்களின் ஓ-ரிங், ஃபியூவல் ரெயில், அதற்குப் போகும் ஹோஸ் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஓ-ரிங் என்பது ஒரு சின்ன ரப்பர் வளையம். பல வருடம் சூட்டிலேயே கிடந்தால் இறுகி, தட்டையாகி, அழுத்தத்தைத் தாங்காமல் விட்டுவிடும்.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும்: ராத்திரி முழுக்க ஆறி இறுகிய ரப்பர் முதலில் கசிந்து, சூடானதும் விரிந்து அடைத்துக்கொள்ளும். "கொஞ்ச நேரத்துல சரியாயிடுது" என்று விட்டுவிடுவது இந்த வகையைத்தான்.

வாடையோடு எண்ணெயும் சீக்கிரம் தீர்கிறது: அழுத்தக் குழாயில் கசிவு இருக்கலாம். வழக்கமாக ஒரு டேங்கில் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று தெரிந்து வைத்திருந்தால் இந்த மாற்றம் உடனே புலப்படும்.

வெளியே ஈரமே இல்லை, கறுப்புப் புகை வருகிறது, சூடான இன்ஜின் ஸ்டார்ட் ஆகச் சிரமப்படுகிறது: இன்ஜெக்டர் உள்ளுக்குள்ளேயே சொட்டிக்கொண்டிருக்கலாம். டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். ஆயில் மட்டம் ஏறியிருந்து, பெட்ரோல் வாடையும் அடித்தால் இன்ஜினை ஓட்டாதீர்கள். பெட்ரோல் கலந்த ஆயில் நீர்த்துப்போய், பேரிங்குகளைக் காப்பாற்றாது.

ஆவி வாடை மட்டும், செக் இன்ஜின் விளக்கு எரிகிறது: பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கரி டப்பா, அதாவது சார்க்கோல் கேனிஸ்டர் பழுதாகியிருக்கலாம். ஓபிடி ஸ்கேனரில் பி0442 என்று வந்தால் ஆவிக் குழாயில் சிறிய கசிவு, பி0455 என்றால் பெரிய கசிவு. சரியாக மூடாத பெட்ரோல் மூடிக்கும் பி0455 வரும். பம்ப் 'டக்' என்று நின்ற பிறகும் ரவுண்டாக வரட்டும் என்று அமுக்கி அமுக்கி ஊற்றுவதால் இந்தக் கேனிஸ்டருக்குள் பெட்ரோலே போய்விடும். முதல் 'டக்'கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பழைய கார், புதிய கார்: அழுத்தம்தான் வித்தியாசம்

1985-இல் வந்த முதல் புரோட்டோன் சாகாவும், 1994-இல் வந்த பெரோடுவா கஞ்சிலும் கார்புரேட்டர் கார்கள். அவற்றில் எரிபொருள் அழுத்தம் அரை பாருக்கும் குறைவு. கசிந்தால் சொட்டும்.

மைவி போன்ற இன்ஜெக்ஷன் கார்களில் அழுத்தம் ஏறக்குறைய 3 பார், அதாவது டயர் காற்றைவிட அதிகம். ஹோஸில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலும் மெல்லிய தூவானமாகப் பீய்ச்சும். சொட்டைவிடத் தூவானம் வேகமாகத் தீப்பிடிக்கும்.

புரோட்டோன் எக்ஸ்70 போன்ற நேரடி இன்ஜெக்ஷன் இன்ஜின்களில் உயர் அழுத்தப் பகுதி 100 பாரையும் தாண்டும். அந்த அழுத்தத்தில் வரும் பீச்சு தோலையே துளைத்து உள்ளே போகும். இந்த வகை இன்ஜினில் வீட்டு வைத்தியத்துக்கு இடமே இல்லை.

நம் வட்டாரத்தில் அதிகம் கவனிக்க வேண்டியவை

எலி: சாப்பாட்டுக் கடைகளுக்குப் பின்சந்தில் கார் நிறுத்துபவர்களுக்கு இது தெரிந்த கதை. சூடான பானெட்டுக்கு அடியில் ஒதுங்கும் எலி, வயரை மட்டும் கடிப்பதில்லை, ரப்பர் ஹோஸையும் கடிக்கும். பிரிக்பீல்ட்ஸ் ஆகட்டும், கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானா பக்கம் ஆகட்டும், ராத்திரி முழுக்க அங்கே நிற்கும் கார் என்றால் வாரம் ஒருமுறை பானெட்டைத் திறந்து பாருங்கள். எலிப் புழுக்கை, கடித்த ரப்பர்த் துகள் தெரிந்தால் எச்சரிக்கையாக இருங்கள்.

வெள்ளம்: 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா, கிள்ளான் உட்படப் பல இடங்களில் கார்கள் மூழ்கின. தண்ணீரில் நின்ற காரில் கீழ்ப்பக்க இரும்புக் குழாய்களும் கிளிப்புகளும் துருப்பிடித்து, வருடங்கள் கழித்துக்கூட ஓட்டை விழலாம். செகண்ட்ஹேண்ட் கார் வாங்குபவர்கள் லிஃப்டில் ஏற்றி, அடிப்பகுதிக் குழாய்களைப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

ஹாஃப்-கட் பாகங்கள்: ஜப்பானிலிருந்து வரும் பழைய இன்ஜெக்டர், ஃபியூவல் ரெயில் மலிவாகக் கிடைக்கும். அதை வாங்குவது தவறில்லை. ஆனால் அதோடு வரும் பழைய ஓ-ரிங்கையே போடுவதுதான் தவறு. ரப்பர் எப்போதும் புதிதாகத்தான் இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டு யூடியூப் காணொலிகளைப் பார்ப்பவர்கள் இ20 பெட்ரோலால் ஹோஸ் அரிக்கும் என்ற பேச்சைக் கேட்டிருப்பீர்கள். இ20 என்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். இந்தியாவில் அது பரவலாக விற்கப்படுகிறது. எத்தனால் சில பழைய வகை ரப்பரைப் பாதிக்கும் என்பது உண்மை. ஆனால் மலேசியாவில் அப்படி ஒரு 20 விழுக்காட்டுக் கலவை கட்டாயம் இல்லை. இங்கே ஹோஸைக் கொல்வது பெரும்பாலும் சூடும் வயதும்தான்.

புதுக் காரில் வராதா?

வரும். ஃபோர்ட் நிறுவனம் 2022 நவம்பரில், 1.5 லிட்டர் இன்ஜின் கொண்ட எஸ்கேப், புரோன்கோ ஸ்போர்ட் கார்களை இன்ஜெக்டரில் விரிசல் விழக்கூடும் என்று திரும்ப அழைத்தது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 520,000 கார்கள். அப்போது செய்யப்பட்ட பழுதுபார்ப்பில் இன்ஜெக்டர் மாற்றப்படவில்லை. அழுத்தம் குறைவதைக் கண்டுபிடிக்கும் மென்பொருளும், கசியும் பெட்ரோலைச் சூடான பகுதியிலிருந்து விலக்கிவிடும் குழாயும்தான் பொருத்தப்பட்டன. 2025 ஜூலையில் அதே பிரச்சினைக்காகச் சுமார் 694,000 கார்கள் மீண்டும் அழைக்கப்பட்டன.

அதனால் கார் வாங்கி இரண்டு வருடம்தான் ஆகிறது என்று வாடையை அலட்சியம் செய்யாதீர்கள். உங்கள் காரின் சேசிஸ் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் இணையத்தளத்திலோ சேவை மையத்திலோ திரும்ப அழைப்பு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால் பழுதுபார்ப்பு இலவசம்.

நீங்களே பார்க்க வேண்டுமென்றால்

சொட்டு எதுவும் இல்லை, வாடை மட்டும் என்றால், கண்ணால் ஒரு சோதனை செய்யலாம். கழற்றுவது வேண்டாம்.

1. காரைத் திறந்தவெளியில், சமதரையில் நிறுத்துங்கள். இன்ஜின் முழுதாக ஆறட்டும், குறைந்தது ஒரு மணி நேரம்.

2. பக்கத்தில் ஏபிசி உலர்தூள் தீயணைப்பான் இருக்கட்டும். டார்ச் லைட்டைக் காரை நெருங்குவதற்கு முன்பே ஏற்றிவிடுங்கள்.

3. பானெட்டைத் திறந்து, ஹோஸ்களைப் பாருங்கள். வெடிப்பு, உப்பல், பளபளக்கும் ஈரம், கழுவிவிட்டதுபோல் ஓர் இடம் மட்டும் சுத்தமாக இருப்பது ஆகியவை அறிகுறிகள். பெட்ரோல் தூசியைக் கரைத்துவிடும் என்பதால் கசியும் இடம் சுற்றுப்புறத்தைவிடச் சுத்தமாகத் தெரியும்.

4. இணைப்புகளை டிஷ்யூவால் ஒற்றிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஓர் இடம்.

5. காருக்கு அடியில் பார்க்க வேண்டுமென்றால் வெளியே குனிந்து பார்த்தால் போதும். வெறும் ஜாக்கில் தூக்கிய காருக்கு அடியில் ஒருபோதும் நுழையாதீர்கள்.

ஈரம் தெரிந்தவுடன் நிறுத்திக்கொள்ளுங்கள். படம் எடுத்து மெக்கானிக்குக்கு அனுப்புங்கள். மற்றது அவர் வேலை.

முறையான பழுதுபார்ப்பு எப்படி இருக்கும்?

பட்டறையில் பக்கத்தில் நின்று பார்க்கும்போது என்ன நடக்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் நல்லது.

முதலில் அழுத்தத்தை இறக்க வேண்டும். பம்பின் ஃபியூஸையோ ரிலேவையோ எடுத்துவிட்டு இன்ஜினை ஓட்டினால், குழாயில் மிச்சமிருக்கும் பெட்ரோல் தீர்ந்து தானாக நின்றுவிடும். பிறகு பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்ற வேண்டும். ஆனால் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் கசிந்துகொண்டிருக்கும் காரில் இப்படி இன்ஜினை ஓட்டுவதும் ஆபத்து. அங்கே வேறு முறையில் இறக்க வேண்டும். அதற்குத்தான் தெரிந்த ஆள் வேண்டும்.

இணைப்பைக் கழற்றும்போது துணியைச் சுற்றி, மெதுவாகத் திறந்து, வடியும் பெட்ரோலை மூடியுள்ள பாத்திரத்தில் பிடிக்க வேண்டும். அதை லோங்காங்கில் ஊற்றக்கூடாது. ஆவி வடிகால் வழியாக எங்கேயோ இருக்கும் நெருப்பைத் தேடிப் போகும்.

புதிய ஹோஸ் எரிபொருளுக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். ஹோஸின் மேலேயே அச்சிட்டிருக்கும். இன்ஜெக்ஷன் காருக்கு எஸ்ஏஇ 30ஆர்9 அல்லது அதைவிட மேலான தரம். 30ஆர்7 என்பது கார்புரேட்டர் போன்ற குறைந்த அழுத்தத்துக்கு. தண்ணீர் ஹோஸ், மீன்தொட்டி டியூப், வைப்பர் டியூப் எதுவும் பெட்ரோலுக்கு ஆகாது. சில நாளிலேயே உப்பி, மெதுவாகி, வெடித்துவிடும்.

ஓ-ரிங்குகளை ஒன்று கசிந்தாலும் எல்லா இன்ஜெக்டருக்கும் சேர்த்தே மாற்றுவது நல்லது. ஒரே வயது, ஒரே சூடு. மற்றவையும் வரிசையில்தான் நிற்கின்றன. புதிய வளையத்தில் சுத்தமான இன்ஜின் ஆயிலை லேசாகத் தடவிப் பொருத்த வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே போகும்போதே கிழிந்துவிடும்.

கடைசியாக, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் 'ஆன்' செய்ய வேண்டும். பம்ப் ஓரிரு வினாடி ஓடி அழுத்தம் ஏறும். இரண்டு, மூன்று தடவை இப்படிச் செய்து, கசிவு இல்லை என்று உறுதியான பிறகே இன்ஜினை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

எதையெல்லாம் செய்யவே கூடாது?

- டேப் சுற்றுவது, பசை போடுவது, கேபிள் டை கட்டுவது. அழுத்தம் இவற்றுக்கெல்லாம் அடங்காது.
- ஓட்டையான டேங்கை அப்படியே வெல்டிங் செய்வது. நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க்தான் ஆபத்து. உள்ளே இருப்பது முழுக்க ஆவி.
- வாயால் உறிஞ்சிப் பெட்ரோல் எடுப்பது. சில சொட்டு நுரையீரலுக்குள் போனாலே கடுமையாகப் பாதிக்கும். தவறி விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.
- பெட்ரோல் பட்ட உடையோடு அடுப்புப் பக்கம் போவது. கழற்றி வெளியே காயப்போட்டு, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

பட்டறையில் என்ன கேட்கலாம்?

கிள்ளான் பள்ளத்தாக்கில் நல்ல மெக்கானிக் எந்த மொழியும் பேசுவார். "மிஞாக் போச்சோர்" என்றால் எல்லாப் பட்டறையிலும் புரியும். தமிழ் அண்ணன் கடையாக இருந்தாலும் கூச்சப்படாமல் இந்த நான்கு கேள்வியைக் கேளுங்கள்:

"அண்ணே, எங்க கசியுதுன்னு எனக்குக் காட்ட முடியுமா?"

"போடப்போற ஹோஸ் இன்ஜெக்ஷன் தரமா? எழுத்தைக் காட்டுங்க."

"பழைய பாகத்தை எங்கிட்டேயே கொடுத்திடுவீங்களா?"

"முடிச்சதும் சாவி 'ஆன்' பண்ணி ஒருதடவை செக் பண்ணுவீங்களா?"

முகம் சுளிக்காமல் பதில் சொல்பவரிடம் காரைக் கொடுங்கள். சிகரெட்டும் கையுமாகப் பானெட்டுக்குள் எட்டிப் பார்ப்பவரிடம் கொடுக்காதீர்கள்.

ஓட்டிக்கொண்டிருக்கும்போது புகை வந்தால்?

கூட்டரசு நெடுஞ்சாலையில் போகும்போது பலமான பெட்ரோல் வாடையோ, பானெட்டிலிருந்து புகையோ வந்தால், சிக்னல் போட்டு இடது ஓரம் ஒதுங்குங்கள். மோட்டார் சைக்கிள்களைக் கவனியுங்கள். இன்ஜினை நிறுத்துங்கள். பம்பும் அதோடு நின்றுவிடும்.

எல்லாரும் சாலைப் பக்கம் இல்லாத கதவு வழியாக இறங்கி, குறைந்தது 30 மீட்டர் தள்ளிப் போங்கள். பையை எடுக்கத் திரும்பிப் போகாதீர்கள். 999-ஐ அழைத்து, எந்த நெடுஞ்சாலை, எந்தத் திசை, எந்தக் கிலோமீட்டர் பலகை என்று சொல்லுங்கள். என்கேவிஇ போன்ற பிளஸ் நெடுஞ்சாலை என்றால் 1800-88-0000 என்ற எண்ணும் இருக்கிறது.

பானெட்டை முழுதாகத் திறக்காதீர்கள். திறந்தால் காற்று புகுந்து தீ முகத்துக்கே வரும். தண்ணீரும் ஊற்றாதீர்கள். பெட்ரோல் தண்ணீரின் மேல் மிதந்து, தீயையும் சேர்த்துப் பரப்பும். தீ சின்னதாக இருந்து, தீயணைப்பானும் கையில் இருந்தால், பானெட் இடைவெளி வழியாக அடிக்கலாம். ஒரு கிலோ தீயணைப்பான் சில வினாடிகளில் தீர்ந்துவிடும். அதற்குள் அணையவில்லை என்றால் விட்டுவிட்டு ஓடுங்கள். கார் போனால் இன்னொன்று வாங்கலாம்.

காப்புறுதி கொடுக்குமா?

விரிவான காப்புறுதி வைத்திருந்தால் தீ விபத்துக்கும் பாதுகாப்பு உண்டு. 'மூன்றாம் தரப்பு, தீ, திருட்டு' திட்டத்திலும் உண்டு. மலிவு என்று வெறும் மூன்றாம் தரப்புத் திட்டம் மட்டும் எடுத்திருந்தால், உங்கள் கார் எரிந்ததற்கு எதுவும் கிடைக்காது. பழைய கார் வைத்திருக்கும் மாணவர்கள் பலர் எடுப்பது இதைத்தான். இன்ஜினை மாற்றியிருந்தாலோ டர்போ போட்டிருந்தாலோ காப்புறுதி நிறுவனத்துக்கு முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். தெரிவிக்காத மாற்றம் இழப்பீடு கேட்கும் நேரத்தில் சிக்கலாக வந்து நிற்கும்.

கார் பத்து வயதைத் தாண்டிவிட்டதா? அடுத்த சர்வீஸில் "எண்ணெய் ஹோஸையும் கிளிப்பையும் ஒருதடவை பாருங்க" என்று சேர்த்துச் சொல்லுங்கள். ஹோஸின் விலை ஒரு டேங்க் பெட்ரோலுக்குப் பக்கத்தில்கூட வராது.